கையில் கிடைத்த களாக்காய்

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. தாதர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தேன். படிக்கட்டின் ஓரத்தில் ஓர் ஆதிவாசி அம்மாள் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூடை நிறையக் கறுத்த சிறு பழங்கள். இலையைக் கூம்பாகச் சுருட்டி, அதில் அள்ளிப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மராட்டியில் இதற்குக் கர்வந்த் என்று பெயர். மலையின் கறுப்பு மைனா என்று செல்லப் பெயரும் உண்டு. மும்பைக்கு வந்த நாளாய் ஒவ்வொரு கோடையிலும் இந்தக் கூடையைக் கடந்துதான் போயிருக்கிறேன். அன்று நின்றதற்குக் காரணம், வீட்டில் இருந்த என் தாயார்.

அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. ஊரில் தனியாக இருக்க முடியாது என்று இங்கே அழைத்து வந்தோம். வந்த நாள் முதல் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டால், "வாய்க்கு எதுவும் பிடிக்கல நைனா. ரெண்டு களாக்காய் ஊறுகாய் இருந்தா மோர்சோறு உள்ளே போவும்" என்றார். கடைகளில் தேடினேன். மாங்காய், எலுமிச்சை, நார்த்தை எல்லாம் இருந்தன, களாக்காய் இல்லை.

இலைக் கூம்பை அம்மாவின் கையில் வைத்தேன். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. ஒரு பழத்தை விரலால் உருட்டினார். நகத்தால் கிள்ளி முகர்ந்தார். "களாதான். நம்ம காட்டுதுக்கு இது அண்ணன். ஆனா ஊறுகாய்க்கு ஆவாது, பழுத்துப்போச்சு. காயாப் பறிச்சது வேணும்" என்றார். பக்கத்தில் நின்ற என் பேத்தி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "தாத்தா, கேக் மேலே வைக்கிற செர்ரி இப்படித்தானே இருக்கும்?" என்றாள். நாங்கள் சிரித்தோம். குழந்தை சொன்னதில் எவ்வளவு உண்மை என்று பிறகுதான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். அம்மாவிடம் கேட்டும் நூல்களைப் பார்த்தும் இந்தச் சிறு காயைப் பற்றித் தெரிந்துகொண்டவற்றை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊர்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகும் சாலையில், சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் தாண்டினால் வருவது பிச்சாட்டூர். அதற்கும் அப்பால் நாராயணவனமும் புத்தூரும். ஊருக்கு அருகில் ஆரணியாற்றின் குறுக்கே அணை இருக்கிறது. அந்த ஆறு எங்கள் பக்கத்தை விட்டு இறங்கித் தமிழ்நாட்டுக்குள் புகுந்து பழவேற்காட்டில் கலக்கிறது. சித்தூர் மாவட்டம் 1911-ல் அமைந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதோடு போயிற்று. 1960-ல் எல்லையில் மாற்றங்கள் செய்து, திருத்தணியைத் தமிழகத்துக்கும் சத்தியவேட்டை ஆந்திரத்துக்கும் கொடுத்தார்கள். 2022-ல் திருப்பதி மாவட்டம் தனியாகப் பிரிந்தபோது பிச்சாட்டூர் அதில் சேர்ந்தது. பெயர்ப்பலகைதான் மாறியது; எங்கள் தெருவின் பேச்சு மாறவில்லை. ஒரே வாக்கியத்தில் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்போம்.

என் ஆயா களாக்காய் என்பார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அவ்வா, காட்டில் தானாக வளர்வதைக் கலிவி என்றும், தோட்ட வேலியில் காய்க்கும் பெரிய காயை வாக்காய என்றும் சொல்வார். களாவும் கலிவியும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்று காதுக்கே தெரிகிறது அல்லவா?

மரமா, செடியா?

இரண்டும்தான். ஆடுமாடு கடித்துக்கொண்டே இருந்தால் இடுப்பளவு முட்புதராக நிற்கும். விட்டுவிட்டால் ஆள் உயரத்தைத் தாண்டிச் சிறு மரமாகும். கல்லும் செம்மண்ணும் கலந்த வறண்ட குன்றுச் சரிவே இதற்குப் பிடித்த இடம். தண்ணீர் ஊற்றுவாரும் உரம் இடுவாரும் இல்லாமலே வாழும்.

அடையாளம் சொல்கிறேன். இலைகள் எதிரெதிராக, தடித்துப் பளபளப்பாக இருக்கும். முட்கள் இரண்டிரண்டாக, நீண்டு உறுதியாக இருக்கும். பூ வெள்ளை, ஐந்து இதழ், மல்லிகையை நினைவூட்டும் மணம். காய் நெல்லியைவிடச் சிறியது, முட்டை வடிவம். முதலில் பச்சை, பிறகு சிவப்பு, முற்றப் பழுத்தால் கருநீலம் கலந்த கறுப்பு. உள்ளே சில தட்டை விதைகள். எங்கே கிள்ளினாலும் பால் வடியும்.

தாவர நூலார் பெருங்களாவைக் காரிஸ்ஸா காரண்டாஸ் என்றும், காட்டில் வளரும் சிறுகளாவைக் காரிஸ்ஸா ஸ்பைனாரம் என்றும் அழைக்கிறார்கள். இரண்டும் அரளியின் குடும்பம். அந்தக் குடும்பத்தில் நச்சுச் செடிகள் பல உண்டு. ஆகவே, பால் வடியும் முட்செடியில் கறுப்புப் பழம் கண்டவுடன் வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம். தெரிந்தவர் காட்டிய பிறகே தொடுங்கள். களாவையும் நன்றாகக் கறுத்த பிறகே பழமாகத் தின்ன வேண்டும். பச்சைக் காயின் பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

அரசன் சூடிய களங்காய்

இந்தக் காட்டுக் காயைத் தன் பெயரில் தாங்கிய ஓர் அரசன் நமக்கு உண்டு. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்தில் காப்பியாற்றுக் காப்பியனார் பாடிய சேரனின் பெயர் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல். முடி சூடும் வேளையில் உரிய கண்ணியும் முடியும் கைக்குக் கிட்டாததால், களங்காயைக் கோத்துக் கண்ணியாகவும் நாரைப் பின்னி முடியாகவும் அணிந்துகொண்டான் என்று பெயருக்குக் காரணம் கூறுவர். பாணர்களின் யாழில் இருந்த கரிய தண்டுக்குச் சங்கப் புலவர்கள் உவமை தேடியபோதும் களாப்பழம்தான் அவர்கள் கண்ணில் பட்டது. அன்று எல்லோரும் அறிந்த பழமாக இருந்தால்தானே அது உவமையாகும்? இன்று உவமையை விளக்கப் பழத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது.

அம்மா சொன்ன பக்குவம்

எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணி மாதங்களில் களாக்காய் வரும். கொங்கணத்துக் கர்வந்த் அதற்கு முந்திவிடும். சித்திரையில் இங்கே சந்தையில் பச்சைக் காய் கிடைக்கும். இந்த ஆண்டு அந்தப் பருவத்துக்குக் காத்திருந்து அரைக் கிலோ வாங்கி வந்தேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நானும் என் மனைவியும் செய்தோம். அம்மாவின் கணக்கெல்லாம் கைப்பிடியும் விரல்நுனியும்தான். அவர் அள்ளிக் காட்டியதையெல்லாம் கரண்டியால் அளந்து குறித்துக்கொண்டேன்.

காயைக் காம்பு கிள்ளிக் கழுவித் துணியால் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். ஈரம் துளியும் இருக்கக் கூடாது. கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இரண்டாகக் கீறி, கத்தி முனையால் விதையை எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தடவாமல் தொடங்கினால் பிசின் ஒட்டிக்கொண்டு மறுநாள் வரை போகாது. ஐந்து மேஜைக்கரண்டி கல்லுப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் சேர்த்துப் பீங்கான் சாடியில் மூன்று நாள் ஊறட்டும்; தினமும் ஒரு முறை குலுக்கிவிட வேண்டும். நான்காம் நாள் துண்டுகளை எடுத்து அரை நாள் வெயிலில் காய வைத்து, மீண்டும் அந்த உப்புநீரிலேயே போட வேண்டும். நான்கு மேஜைக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு மேஜைக்கரண்டி கடுகுப்பொடி, ஒரு தேக்கரண்டி வறுத்த வெந்தயப்பொடி, சிறிது பெருங்காயம் கலக்க வேண்டும். ஒரு தம்ளர் நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆற வைத்து ஊற்ற வேண்டும். பத்து நாள் பொறுத்தால் ஊறுகாய் தயார். புளிப்பு கடுமையாதலால் அலுமினியம், பித்தளைப் பாத்திரங்கள் ஆகாது.

இன்னொன்று களாக்காய்ப் பப்பு. ஆந்திரத்தில் வாக்காயப் பப்பு என்று பெயர் பெற்றது. ஒரு ஆழாக்குத் துவரம்பருப்புக்குப் பத்துப் பன்னிரண்டு காய், நான்கு பச்சைமிளகாய். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பருப்பைத் தனியே குழைய வேகவைத்த பிறகே காயைச் சேர்க்க வேண்டும். புளிப்பு முன்னாலேயே சேர்ந்துவிட்டால் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாது. கீறி விதை நீக்கிய காயை மிளகாயோடு சிறிது எண்ணெயில் வதக்கி, பருப்பில் கொட்டி ஒரு கொதி விட்டுத் தாளித்தால் போதும். புளியே வேண்டாம். ஆயா காலத்தில் வீட்டில் புளி தீர்ந்துபோன ஆடி மாதத்தில் எங்களுக்குக் கை கொடுத்தது இந்த வேலிக் காய்தான்.

புளிசாதத்துக்கும் துவையலுக்கும் இதே காய் உதவும். பாதி பழுத்துச் சிவந்த பதத்தில் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் நல்ல ஜெல்லி கிடைக்கும். பாகை உறையச் செய்யும் பெக்டின் இக்காயில் இயல்பாகவே நிறைய இருக்கிறது. கொதிக்கும்போது பிசின் பாத்திரத்தின் ஓரமெல்லாம் அப்பிக்கொள்ளும். முன்கூட்டியே உள்ளே எண்ணெய் பூசிவைத்தால் தேய்ப்பது சுலபம். இரத்தம் ஊறும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. மருந்தாக எண்ண வேண்டாம், ருசிக்குச் சாப்பிடுவோம் என்பது என் கட்சி.

ஊறுகாய் தயாரான அன்று அம்மா இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றும் சொன்னார்.

செர்ரியின் இரகசியம்

இனிப் பேத்தியின் கதைக்கு வருகிறேன். இந்தியாவில் கேக்கின் மேலும் ஐஸ்கிரீமின் மேலும் பீடாவின் தலையிலும் குந்தியிருக்கும் சிவப்புச் 'செர்ரி' பெரும்பாலும் செர்ரியே இல்லை, நம் களாக்காய். காயைக் கீறி விதை நீக்கி, உப்புநீரில் போட்டு வைத்து, நிறத்தையும் புளிப்பையும் போக்கி, செயற்கைச் சிவப்பு ஏற்றி, நாளுக்கு நாள் கெட்டியாகும் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து எடுக்கிறார்கள். வாங்கும் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சிறிய எழுத்தில் கரோந்தா என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். வடநாட்டில் களாவுக்கு அதுதான் பெயர். இது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மலைக் காயின் மணம், புளிப்பு, நிறம் மூன்றையும் எடுத்துவிட்டு வெறும் சக்கையை வெளிநாட்டுப் பழத்தின் பெயரில் உண்கிறோமே என்று தோன்றுகிறது.

வடநாட்டார் பச்சைமிளகாயோடு எண்ணெயில் வதக்கிச் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்கிறார்கள், முரப்பாவும் போடுகிறார்கள். வங்காளத்தில் கரம்சா என்று சட்னி செய்கிறார்கள். எங்கள் அடுக்குமாடியின் மராட்டிய நண்பர் சொன்ன விளையாட்டு எனக்கு மிகவும் பிடித்தது. சிறுவர்கள் பழத்தைப் பிட்பதற்கு முன், சேவலா, கோழியா என்று பந்தயம் கட்டுவார்களாம். உள்ளே சிவப்பாக இருந்தால் சேவல், வெளுத்திருந்தால் கோழி.

கலிவிப் புதரில் ஒரு பறவை

கோழி என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். கடப்பை மாவட்டத்தின் முட்காட்டில் ஓர் அரிய பறவை உண்டு. ஊரார் அதைக் கலிவிகோடி, அதாவது களாப்புதர்க் கோழி என்பர். ஜெர்டன் என்ற ஆங்கிலேயர் 1848-ல் உலகுக்கு அறிவித்தார். 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அழிந்தே போயிற்று என்று எண்ணினார்கள். 1986 ஜனவரியில், நம் மும்பையின் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் தேடிக்கொண்டிருந்தபோது, உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் இரவில் அதைப் பிடித்துக் கொண்டுவந்தார். ஸ்ரீலங்கமல்லேசுவர சரணாலயம் இப்பறவைக்காகவே ஏற்பட்டது.

சென்னைக்குக் கிருஷ்ணா நீர் தரும் தெலுகு கங்கைத் திட்டத்தை அன்பர்கள் அறிவீர்கள். 1996-ல் அந்த நீர் எங்கள் ஊருக்குக் கிழக்கே ஊத்துக்கோட்டைப் பக்கம் எல்லை தாண்டித் தமிழகத்துக்குள் வந்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். அதே திட்டத்தின் ஒரு கால்வாயை 2005-ல் கலிவிகோடி வாழும் புதர்க்காட்டுக்குள் வெட்டத் தொடங்கினார்கள். வனத்துறை தடுத்து நிறுத்தியது. பிறகு கால்வாயின் தடத்தையே மாற்றினார்கள். தண்ணீரும் வேண்டும், பறவையும் வேண்டும் என்றால் வழி பிறக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அதற்கு, முட்புதர் வெறும் தரிசு இல்லை என்று முதலில் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் அப்படிச் சொல்வார் இல்லை. கடைசியாகப் போனபோது ஆயாவின் கொல்லையைச் சுற்றிப் பார்த்தேன். ஆடு நுழையாத களா வேலி நின்ற இடத்தில் கல்தூணும் முள்கம்பியும் இருக்கின்றன. குன்றடிப் புதர்கள் பல மாந்தோப்பாகிவிட்டன. சத்தியவேட்டுப் பக்கம் ஸ்ரீசிட்டித் தொழில் நகரம் எழுந்து, நம் பிள்ளைகள் பலருக்கு வேலை கிடைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே 1974-ல் புத்தூரில் ரயிலேறி வந்தவன்தான். கொல்லையில் களா எங்கே என்று ஒரு பையனைக் கேட்டேன். "அப்படின்னா என்ன தாத்தா?" என்றான். அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

நாம் செய்யக்கூடியது

களாவை வளர்ப்பது எளிது. பழுத்த பழத்தின் விதையைக் கழுவி உடனே ஊன்ற வேண்டும். உலர்த்திச் சேமித்தால் முளைக்கும் திறன் விரைவில் போய்விடும். தாதரில் வாங்கிய பழத்திலிருந்து ஏழு விதை போட்டேன், மூன்று முளைத்தன. காய்க்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். வெயில் நன்றாகப் படும் இடமும், நீர் தேங்காத மண்ணும் போதும். மும்பைக்கு வெளியே சிறிது நிலம் வைத்திருக்கும் அன்பர்கள் வேலிக்குக் கம்பி வாங்குவதற்கு முன் ஒரு வரிசை களா வைத்துப் பார்க்கலாம்.

கடல் கடந்திருக்கும் நம்மவருக்கும் இதன் உறவு கிட்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்ட வேலைக்காக நேட்டால் போய் இறங்கினார்களே நம் மக்கள், அந்தக் கரையில் களாவின் பெரியம்மா மகள் ஒருத்தி முன்பே நின்றிருந்தாள். நேட்டால் பிளம் என்று அதற்குப் பெயர். அதே முள், அதே பால், அதே வெள்ளைப் பூ. பழம் மட்டும் பெரிதாக, சிவப்பாக இருக்கும். அமெரிக்காவில் கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் அதை அழகுக்காக வேலியாக வைக்கிறார்கள். அங்குள்ள உறவினரிடம் கேட்டுப் பாருங்கள்.

வரப்போகும் பலாக்காயைவிடக் கையில் கிடைத்த களாக்காய் மேல் என்று நம்மில் ஒரு பழமொழி உண்டு. ஆயா அடிக்கடி சொல்வார். நாமெல்லாம் அதைக் கேளாமல் பலாக்காயைத் தேடி வந்தவர்கள். பலாக்காய் கிடைத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு வந்தோம், எங்கே போட்டோம் என்பதும் மறந்துவிட்டது. எனக்கு அதை எடுத்துக் கொடுக்க அம்மா இன்னும் இருக்கிறார். உப்பு எவ்வளவு, எண்ணெய் எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு நாற்பது ஆண்டுகள் இருந்தன. கேட்டது இந்தச் சித்திரையில்தான்.

அன்பர்கள் வீட்டிலும் இப்படி ஒரு காயும், அதன் பக்குவம் தெரிந்த ஒரு பெரியவரும் இருக்கலாம். சூரைப்பழம், காரைப்பழம், நறுவிலி, எதுவாகவும் இருக்கட்டும். இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அளந்து, எழுதி நம் இதழுக்கு அனுப்புங்கள். அடுத்த சித்திரையில் என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு பாட்டில் ஊறுகாய் உண்டு. இந்த முறை உப்பு ஒரு கல் கூடவே போடுவேன்.